ஒயின் பீப்பாயில் முதிர்ந்த ஏல்: புளிப்பு எப்போது குணம், எப்போது குற்றம்?

கேள்வியின் சாரம் இது: ஸ்விட்சர்லாந்தில் வாழும் உறவினர் ஒருவர் ‘அபே த சேன் போன்-ஷியேன்’ என்னும் ஏல் வகைப் பீர் பாட்டில்கள் இரண்டைத் தந்திருக்கிறார். ஒன்றைத் திறந்தபோது நுரை அநேகமாக எழவேயில்லை. முதல் மிடறு நன்றாகப் புளித்தது. மணம் பீரைவிட ஒயினுக்கு நெருக்கமாக இருந்தது. ஓக் பீப்பாயில் வைக்கப்பட்டது என்றபோதிலும் வனிலா மணம் சிறிதும் இல்லை. பாட்டில் கெட்டுவிட்டதா, இத்தகைய ஏலை எப்படிச் சுவைப்பது, மற்ற பாட்டிலை வைத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கூறும் அடையாளங்களுள் ஒன்றுகூடக் கெட்டதற்கு அடையாளம் இல்லை. புளிப்பும் ஒயின் மணமும் அந்த ஏலில் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டவை. நுரை குறைவதற்குக் காரணம் அதிலுள்ள ஆல்கஹாலும் அமிலமும். இரண்டும் நுரையைத் தாங்கும் புரதங்களுக்கு ஒவ்வாதவை. வனிலா இல்லாததற்குக் காரணம் பீப்பாயின் வரலாறு. இவற்றுள் புளிப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இவ்வகை ஏலைச் சுவைப்பதில் பெரும்பகுதி, எந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஏலைப் பற்றிச் சிறிது. ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள சேன்யலெஜியே என்ற சிற்றூரில், ஒயின் தயாரிப்பியல் பயின்ற ஜெரோம் ரெபெத்தே 1997-இல் ஒரு பீர் ஆலையைத் தொடங்கினார். பிரான்ஷ்-மோன்தாஞ் என்னும் அவ்வட்டாரத்தின் பெயரையே தாங்கிய அந்த ஆலையை அதன் மூன்று முதலெழுத்துகளால் பி.எஃப்.எம். என்று குறிப்பிடுவது வழக்கம். போன்-ஷியேன் 2004 முதல் வருகிறது. ஆல்கஹால் 11 சதவீதம். பெயரில் ‘அபே’ என்று மடாலயம் இருப்பதைக் கண்டு பீர் தயாரிக்கும் பெல்ஜியத்துத் துறவிகளை நினைத்துவிட வேண்டாம்; ஆலையில் வளர்ந்த ஒரு பூனையின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. பெரும்பாலும் சிவப்பு ஒயின் இருந்த, சிறுபான்மை கிராப்பா முதலிய காய்ச்சி வடித்த மதுக்கள் இருந்த ஓக் பீப்பாய்களில் ஏலை முதிரவைத்து, பிறகு பல பீப்பாய்களின் ஏலை ஒன்றாகக் கலந்து, ஆண்டைக் குறித்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். எனவே ஓர் ஆண்டின் போன்-ஷியேன் மற்றோர் ஆண்டினுடையதைப் போல இருக்காது.

வனிலாவை எதிர்பார்க்கும் பழக்கம் பெரும்பாலும் போர்பன் பீப்பாய்களிலிருந்து வந்தது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஆகவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. அவை அமெரிக்க வெள்ளை ஓக்கால் ஆனவை. கருகிய மரத்திலிருந்து கிடைக்கும் வனிலினும், தேங்காய் மணம் தரும் ஓக் லாக்டோனும், அவற்றோடு மரத்தில் ஊறிய விஸ்கியும் ஏலில் எளிதாக இறங்கிவிடுகின்றன. ஒயின் பீப்பாயின் கதை வேறு. 225 லிட்டர் கொள்ளும் போர்தோ பீப்பாயும் 228 லிட்டர் கொள்ளும் பர்கண்டிப் பீப்பாயும் பொதுவாகப் பிரெஞ்சு ஓக்கால் ஆனவை. உட்புறத்தை மிதமான தீயில் வாட்டுவார்களே தவிரக் கரியாக்குவதில்லை. ஒயின் தயாரிப்பாளர் அவற்றைப் பல அறுவடைகளுக்குப் பயன்படுத்தி, மரம் தரக்கூடியதை எல்லாம் ஒயினுக்கு வாங்கிக்கொண்ட பிறகே விற்கிறார். பீர் ஆலைக்கு வந்து சேரும்போது மரத்தின் மணம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். இத்தகைய ஏலில் வனிலா தூக்கலாக இருந்தால், பீப்பாய் புதியதோ, மரச்சீவல் சேர்த்தார்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம் எழும்.

அப்படியானால் பழைய ஒயின் பீப்பாய் ஏலுக்குத் தருவது என்ன? பலகைகளின் உட்புறத்தில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊறியிருக்கும் ஒயின் முதலாவது. ஒரு பீப்பாய்க்கு இது சில லிட்டர் இருக்கும். மரத்தின் நுண்துளைகள் வழியாகவும் பலகை இணைப்புகள் வழியாகவும் மெல்ல மெல்ல நுழையும் காற்று இரண்டாவது. மூன்றாவது, மரத்துக்குள் குடியேறிவிட்ட நுண்ணுயிர்கள். வெந்நீரும் நீராவியும் கந்தகப் புகையும் மரத்தின் மேற்பரப்பைத்தான் தூய்மையாக்கும்; உள்ளே பதுங்கியிருக்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் லாக்டோபாசிலஸ், பெடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் அவற்றுக்குத் தப்பிவிடும். வழக்கமான ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த சர்க்கரைகளை இவை மாதக்கணக்கில் தின்று, ஏலை இனிப்பற்றதாக்கி, அமிலமாக்கும். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் என்ற பூக்களின் கசப்புப் பொருள்கள் லாக்டிக் பாக்டீரியாக்களை ஒடுக்குபவை. கசப்பும் புளிப்பும் நாக்கில் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். ஆதலால் இவ்வகை ஏல்களில் ஹாப்ஸை மிகக் குறைவாகவே சேர்க்கிறார்கள்.

மரத்தில் காட்டு ஈஸ்ட்டோடு ஏலை முதிரவைப்பது இன்றைய நாகரிகத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவது தவறு. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல்ஸ் யெல்டே கிளாவுசன், இங்கிலாந்தில் மரத்தொட்டிகளில் நெடுநாள் வைத்திருந்த கனமான ஏல்களின் தனிக்குணத்துக்குப் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டே காரணம் என்று 1904-இல் எடுத்துரைத்தார். அதே ஈஸ்ட்டை ஒயின் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கேடாகவே கருதி அஞ்சுகிறார்கள். ஒயின் தயாரிப்பியல் படித்த ஒருவர் அதற்கு இடமளித்து வளர்ப்பது கவனிக்கத்தக்கது.

இனிப் புளிப்புக்கு வருவோம். ஒரு கிளாஸ் போன்-ஷியேனில் குறைந்தது மூன்று அமிலங்களைத் தேடலாம். மூன்றின் மாதிரிகளும் நம் சமையலறையிலேயே கிடைக்கின்றன. ஒயின் திராட்சையின் தலையாய அமிலம் டார்டாரிக். புளியம்பழத்தின் தலையாய அமிலமும் அதுவே. பார்லியில் குறிப்பிடத்தக்க அளவில் இல்லாத இந்த அமிலம் பீப்பாயில் ஊறிய ஒயினிலிருந்தும், உட்சுவரில் படிந்திருக்கும் அதன் உப்புப் படிகங்களிலிருந்தும் ஏலுக்குச் சிறிதளவு வருகிறது. அது கூர்மையாகப் பாய்ந்து, பல்லைக் கூசவைத்து, விரைவில் விலகும். இரண்டாவது லாக்டிக் அமிலம். தயிர் வடித்த நீரில் உள்ள அதே புளிப்பு. அது வட்டமாக, மென்மையாக நாக்கு முழுவதும் பரவும். மூக்கில் எதையும் சொல்லாது. மூன்றாவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். ஆல்கஹாலும் காற்றும் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவுக்கு ஒருசேரக் கிடைத்தால் இது உருவாகிறது. மற்ற இரண்டிலிருந்தும் இதைப் பிரிப்பது எளிது. நாக்கில் படுமுன்னரே மூக்கில் குத்தும், விழுங்கியபின் தொண்டையில் எரியும்.

இதற்காக ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். மூன்று கிளாஸ்களில் நீர்த்த புளிக்கரைசல், தெளிந்த தயிர்நீர், சில துளி வினிகர் கலந்த நீர் ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றையும் முதலில் முகர்ந்து பிறகு சுவைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து ஏலுக்கு வாருங்கள். ‘புளிக்கிறது’ என்ற ஒற்றைத் தீர்ப்பு அப்போது மூன்றாகப் பிரியும். நல்ல போன்-ஷியேனில் லாக்டிக் அமிலம் முதுகெலும்பாக நிற்கும். வினிகர் ஒரு சாயலாக மட்டும் இருந்து, பழமணத்தைத் தூக்கிக் கொடுக்கும். வினிகரே முன்னால் வந்து நின்றால் அந்தப் பீப்பாயில் காற்று மிகுந்துவிட்டது என்று பொருள். பீப்பாயில் ஏல் ஆவியாகிக் குறையக் குறைய மேலே காற்றுவெளி உண்டாகும். அதை அவ்வப்போது நிரப்பாமல் விட்டால் விளைவு இதுதான்.

துவர்ப்பு அடுத்தது. இதில் தமிழ் நாக்குக்கு ஒரு வசதி உண்டு என்று நினைக்கிறேன். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணிப் பழகியவர்கள், அதைக் கசப்போடு குழப்பிக்கொள்வது அரிது. ஓக் மரத்தின் டானின்கள், அதாவது துவர்ப்புப் பொருள்கள், எல்லாஜிடானின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடுக்காயின் துவர்ப்பும் அக்குடும்பத்தினதே. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் சிவப்பு ஒயினுக்கு வரும் டானின் வேறு குடும்பம். கறுப்புத் தேயிலையின் துவர்ப்பு அதற்கு நெருங்கிய உறவு. கபெர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில் இந்த இரண்டும் சேர்ந்தே ஏலுக்குள் வரும். துவர்ப்பை மிடற்றின் தொடக்கத்தில் தேடினால் கிடைக்காது. விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் உரசிப் பாருங்கள். அங்கே மெல்லிய பட்டுத்துணியின் உரசல் இருந்தால் நன்று, மணல்தாள் இருந்தால் பீப்பாய் ஏலை வென்றுவிட்டது.

மணத்தைப் பொறுத்தவரை மூன்று ஊற்றுகளை நினைவில் கொண்டால் போதும். கனமான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), நீண்ட கொதிப்பு, நெடிய முதிர்வு ஆகியவற்றிலிருந்து உலர்திராட்சை, அத்திப்பழம், கருகாத கேரமல் போன்றவை வரும். காட்டு ஈஸ்ட்டிலிருந்து தோல், குதிரைலாயம், சில சமயம் மருத்துவமனைப் பிளாஸ்திரி போன்ற ஃபீனால் மணங்களும், இவற்றுக்கு நேர்மாறாக அன்னாசி போன்ற பழமணமும் வரும். காற்றிலிருந்து வருவதோ சோட்டோலான். வெந்தயத்தை இலேசாக வறுக்கும்போது எழும் மணத்துக்குக் காரணமான சேர்மம் அதுதான். ஷெர்ரி ஒயினிலும், எல்லைக்கு அப்பால் பிரெஞ்சு ஜூராவில் விளையும் மஞ்சள் ஒயினிலும் அதுவே அடையாளமாக நிற்கிறது. முதிர்ந்த ஏலில் மேற்கத்தியச் சுவைஞர்கள் ‘மேப்பிள் பாகு’ என்றோ ‘கறிப்பொடி’ என்றோ சுற்றிவளைத்து எழுதுவதை நாம் வெந்தயம் என்று ஒரே சொல்லில் குறித்துக்கொள்ளலாம். பாட்டிலுக்கு வயது கூடக் கூட இம்மணமும் கூடும்.

பரிமாறும் முறை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியிருந்தால், நீங்கள் உணர்ந்த புளிப்பின் ஒரு பகுதி குளிர்ச்சியின் வேலை. குளிர் மணத்தை அடக்கி, அமிலத்தையும் துவர்ப்பையும் தனியாக விட்டுவிடுகிறது. 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. நம் ஊர் வெப்பத்தில் பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்தாலே அந்நிலைக்கு வந்துவிடும்; அதற்குமேல் வைத்தால் ஆல்கஹாலின் சூடுதான் முந்தும். வாய் குவிந்த ஒயின் கிளாஸில் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாமல், அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலைக் கலக்காமல் ஊற்றுங்கள். முதல் மிடற்றை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். அமிலத்துக்கு வாய் பழகுவதற்கே அது செலவாகிவிடும். இரண்டாவது மிடற்றிலிருந்துதான் இனிப்பும் பழமும் எழும்பத் தொடங்கும். அளவைப் பற்றியும் ஒரு கணக்கு: 11 சதவீதமுள்ள 750 மில்லிலிட்டர் பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீதமுள்ள 330 மில்லிலிட்டர் பீர் பாட்டில் ஐந்தில் இருப்பதற்குச் சமம். நால்வரோ ஐவரோ பகிர்ந்துகொள்ள வேண்டிய பாட்டில் அது.

உண்மையான குற்றங்களும் உண்டு. அவற்றை அறிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் ‘பீப்பாயின் குணம்’ என்று ஏற்றுக்கொள்வது சுவைஞருக்கு அழகல்ல. நகப்பூச்சை நீக்கும் திரவத்தின் வாடை வந்தால் அது எத்தில் அசிட்டேட்; மிகச் சிறிய அளவில் பேரிக்காயை நினைவூட்டும் இப்பொருள், அளவு மீறினால் கிளாஸில் வேறெதையும் முகரவிடாது. ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை, பாட்டில் வெப்பத்தில் கிடந்ததையோ காற்றுப் புகுந்ததையோ காட்டும். திறந்தவுடன் நுரை பொங்கி வழிந்தால் பாட்டிலுக்குள் நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வேலை செய்திருக்கின்றன. நான்காவது ஒன்று விந்தையானது. முகரும்போது ஒன்றும் தெரியாது, சுவைக்கும்போதும் தெரியாது. விழுங்கிச் சில விநாடிகள் கழித்துத் தொண்டையின் பின்புறமிருந்து பொரித்த தானியம் போன்ற, எலிவளை போன்ற ஒரு வாடை எழும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்த பிறகே ஆவியாகக்கூடிய சேர்மங்கள் இதற்குக் காரணம். அவற்றுள் ஒன்றுதான் பாசுமதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் நறுமணம் தருகிறது என்பது வேடிக்கை. சோற்றில் விரும்புவதை ஏலில் வெறுக்கிறோம். சிலருக்கு இவ்வாடை அறவே தெரிவதில்லை என்பதால், ஒரே பாட்டிலைப் பற்றி இருவர் சண்டையிட நேர்வதும் உண்டு. பல மாதம் பொறுத்தால் பெரும்பாலும் தானே மறையும்.

எல்லாப் பீப்பாய் ஏலும் புளிக்க வேண்டும் என்பதில்லை. மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. லீஸ் ஆலை 1986 முதல் தயாரித்துவரும் ‘ஹார்வெஸ்ட் ஏல்’ 11.5 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதன் ஒரு பகுதியைப் போர்ட், ஷெர்ரி முதலியவை இருந்த பீப்பாய்களில் வைத்து வெளியிடுகிறார்கள். போர்ட்டும் ஷெர்ரியும் ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டப்பட்ட ஒயின்கள். அத்தகைய மரத்தில் முதிர்ந்த ஹார்வெஸ்ட் ஏல் இனிப்பாகவே நிற்கிறது. அதன்மேல் மரம் உலர்பழத்தையும் கொட்டைப் பருப்பையும் பூசுகிறது, அவ்வளவே. இன்னொரு முனையில் கலிஃபோர்னியாவின் ‘ரஷ்யன் ரிவர்’ ஆலையின் ‘கான்செக்ரேஷன்’ இருக்கிறது. அதைத் தயாரிக்கும் வின்னி சிலுர்சோ, ஒயின் தயாரித்த குடும்பத்திலிருந்து வந்தவர். 10 சதவீதமுள்ள கருநிற ஏலைக் கபெர்னே சாவின்யோன் பீப்பாய்களில் கரன்ட் பழங்களோடு சேர்த்து, காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாக்களையும் தானே இட்டு முதிரவைக்கிறார். அதில் புளிப்பு நேர்கோடாகவும் தெளிவாகவும் இருக்கும். போன்-ஷியேனில் அது ஒழுங்கற்று, அடுக்கடுக்காக வரும். எனக்குப் பின்னதே பிடிக்கும். ஆனால் முதன்முறை சுவைப்பவருக்கு முன்னதைப் பரிந்துரைப்பேன்.

ஒழுங்கின்மையை ஆள்வது கலவையாளரின் கை. அருகருகே கிடக்கும் இரண்டு பீப்பாய்களில் ஒரே நாளில் ஒரே ஏலை ஊற்றினாலும், ஓராண்டு கழித்து ஒன்று வினிகரை நோக்கியும் மற்றது ஷெர்ரியை நோக்கியும் போயிருக்கும். எதை எவ்வளவு சேர்ப்பது, எதைக் கீழே கொட்டுவது என்று முடிவுசெய்வதில்தான் சுவை உருவாகிறது. கலிஃபோர்னியாவின் ஒயின் நகரமான பாசோ ரோபிள்ஸில் உள்ள ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலை, 2006-இல் தொடங்கிய தன் ஆண்டுவிழா ஏலின் கலவையைத் தீர்மானிக்க அவ்வூர் ஒயின் தயாரிப்பாளர்களையே அழைத்து வந்திருக்கிறது. போன்-ஷியேனில் ‘கிரான் க்ரூ’ என்ற பெயரில் ஒற்றைப் பீப்பாயின் ஏலைக் கலக்காமல் தனியே அடைப்பதும் உண்டு. கற்றுக்கொள்ள அது சிறந்தது. குடிக்க, என் கருத்தில், கலவையே சிறந்தது.

உணவு சேர்ப்பதாயின் முதிர்ந்த கடினப் பாலாடைக்கட்டியே முதல் தேர்வு. அதன் கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பைத் தணிக்கும். அந்த ஏல் பிறந்த மலைநாட்டிலேயே தயாராகும், இதழ் இதழாகச் சீவி உண்ணும் ‘தேத் த முவான்’ கிடைத்தால் வேறு தேட வேண்டாம். மிளகாய்க் காரம் மட்டும் உதவாது. 11 சதவீத ஆல்கஹாலோடு சேர்ந்து வாயை எரிக்கும்.

மீதமுள்ள பாட்டிலைப் பொறுத்தவரை, லேபிளில் உள்ள ஆண்டைப் பாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருந்து, 15 டிகிரிக்கு மேல் போகாத இருண்ட இடமும் இருந்தால், நிமிர்த்தி வைத்து இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். கூர்மை தணிந்து வெந்தய மணம் எழும். அப்படிப்பட்ட இடம் இல்லையென்றால், கோடை தொடங்குமுன் திறந்துவிடுங்கள். சமையலறை அலமாரியில் ஒரு சித்திரை, வைகாசியைக் கழித்த பாட்டில் முதிர்வதில்லை, வெந்துவிடுகிறது. இம்முறை நால்வரோடு, மூன்று மாதிரிக் கிளாஸ்களோடு உட்காருங்கள்; வினிகர் முன்னால் வருகிறதா, தயிர்நீர் முன்னால் வருகிறதா என்று குறித்து எழுதினால், அந்த ஆண்டின் கலவையைப் பற்றி மேலும் சொல்ல முடியும்.